சரிபார்த்தவர் கையெழுத்து

இன்று பஸ் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. ஆகவே நீங்கள் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே நான் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். வாசலில் இருக்கும் பெண் தேநீர் கொடுத்தாள். சர்க்கரை வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போட்டாள். அப்படிக் கேட்டுச் செய்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள்.

வக்கீல் வேண்டாம். நான் வந்தது ஓர் அறிக்கையைத் திருத்துவதற்கு. கிளைவ் ஸ்பெரிங் இறந்ததைப் பற்றி விபத்து விசாரணைக்காரர்கள் எழுதிய வரைவை எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். மொத்தம் பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில், 'எழுபத்தேழு வயதான திரு. டெஸ்மண்ட் டோவி, பாதுகாப்பு லாக்கைப் பொருத்த மறந்திருக்கலாம்' என்று இருக்கிறது. நான் நாற்பத்தொரு வருடம் விமானப் பட்டறையில் வேலை பார்த்தவன். வீட்டில் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது மறக்கும். வேலையில் மறந்தது கிடையாது. அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும்.

அதற்குப் பதில் என்ன எழுதலாம் என்பதை நான் சொல்கிறேன். அவசரப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானத்தைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேச்சைக் கேட்டாலே தெரிகிறது, நீங்களும் பிரிஸ்டல்காரர்தான். ஊருக்கு வடக்கே இருக்கும் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அந்த விமானத்தில் கைவைத்த ஒருவர் இருப்பார், அல்லது அவருடைய படம் சுவரில் இருக்கும். அதன் பறப்பை நிறுத்தியபோது என் மனைவி பெரில் இரண்டு நாள் அழுதாள். அவள் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. பழைய ஓடுபாதையின் ஓரத்தில் எங்களுக்கென்று ஒன்று கிடைத்தது. ஒரு டிரஸ்ட் அமைத்து, கொட்டகை போட்டு, அதை உள்ளே நிறுத்தினோம். செவ்வாயும் வியாழனும் ஓய்வுபெற்றவர்கள் பத்தொன்பது பேர் போவோம். துடைப்போம், எண்ணெய் போடுவோம், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவோம், தேநீர் குடிப்போம். பல வருடம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் அந்த விமானத்தை வெறுத்தேன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய்.

கிளைவ் எங்களில் ஒருவன்தான், ஆனால் பட்டறைக்காரன் இல்லை. அவன் அதில் பறந்தவன். விமானிகளுக்குப் பின்னால், நூறு அளவுமானிகளின் முட்களைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பாரே பொறியாளர், அந்த வேலை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். நான்கு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"இவளை நாம தினம் குளிப்பாட்டிப் பவுடர் போடறோம். பொணத்துக்குத்தான் அப்படிச் செய்வாங்க. நான் சாகறதுக்குள்ள இவ ஒரு தரம் மேல போகணும்ப்பா."

அன்று எல்லோரும் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கேரவன் வண்டிகள் விற்றுப் பணக்காரரான ஒருவர் ஆதரவு தருவதாகச் சொன்னார். ஹேசல் பிரேசி என்ற பொறியாளரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். நாற்பத்து நான்கு வயது, உரிமம் பெற்றவள், சுத்தமான கை. அவள் வேலையில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். விமானத்தை மீண்டும் பறக்கவிடலாமா, கூடாதா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு நடந்தது. பத்தொன்பது பேரில் பதினேழு பேர் பறக்க வேண்டும் என்றார்கள். ஒருவர் காது கேளாதவர், எந்தப் பக்கம் என்று கடைசிவரை தெரியவில்லை. கூடாது என்றவன் நான் ஒருவன்.

என் காரணங்கள் எல்லாம் கூட்டக் குறிப்பில் இருக்கின்றன. ஒயர்களின் மேலுறை தொட்டாலே உதிர்கிறது. ரப்பர் எல்லாம் காய்ந்த ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. அதற்கான டயரை இனி யாரும் செய்யப்போவதில்லை. ஒரு கோளாறு வந்தால் யாரைக் கேட்பது? அதை அறிந்தவர்களில் பாதிப் பேர் கல்லறையில், மீதிப் பேர் முதியோர் இல்லத்தில். ஓடுபாதையின் நேர்கோட்டில் மூன்று பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. இவற்றை நான் குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

"உன் முழங்காலுந்தான் தேஞ்சு போச்சு, டெஸ்" என்றான் கிளைவ். "அதுக்காக உன்னைக் கண்ணாடிப் பெட்டியிலயா வெச்சிருக்கோம்?"

"என் முழங்கால் மேல நூறு பேர் ஏறி உக்காரறதில்ல" என்றேன்.

அன்றைக்கு அந்தப் பேச்சில் நான்தான் ஜெயித்தேன். கிளைவே மேசையைத் தட்டிச் சிரித்தான். எங்களுக்குள் பகை என்று எதுவும் கிடையாது. அவன் மகளின் கல்யாணத்தில் நான் கேக் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இனி எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் ஒரு தாள் உண்டு. அடியில் இரண்டு கோடு இருக்கும். ஒன்று வேலையைச் செய்தவர் கையெழுத்து. மற்றது சரிபார்த்தவர் கையெழுத்து. சரிபார்க்கிறவர் நேரில் போய்க் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுவிட்டுத்தான் போட வேண்டும். சட்டம் அதுதான். நடப்பது வேறு. இருபது முப்பது வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தவன் தாளை நீட்டும்போது, 'இரு, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று சொன்னால் அது அவன் முகத்தில் அறைந்த மாதிரி. ஆகவே பேனாவை வாங்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் ஆட்களிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் இதுதான், அதுவும் மரியாதையினால் வந்தது.

நானும் ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். மறைக்கவில்லை. 1988, நவம்பர். இதே விமானத்தின் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டி ஒன்றில் பதினொரு போல்ட்டுகளை மாற்ற வேண்டும். உள்ளே போகிற ஓட்டை ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தோளைக் குறுக்கி, மூச்சை விட்டு, புழு மாதிரி நுழைய வேண்டும். அதற்கு முந்தைய வாரம் இன்னொரு தொட்டியில் நான் மாட்டிக்கொண்டேன். நாற்பது நிமிடம். யாரையும் கூப்பிடவில்லை. எப்படியோ வெளியே வந்து, முகம் கழுவிக்கொண்டு, சாப்பிடப் போனேன். அதன் பிறகு அந்த நவம்பர் நாளில் என்னால் உள்ளே போக முடியவில்லை. கையை மட்டும் விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். போல்ட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. புதிய போல்ட்டுகளைக் குப்பையில் போட்டேன். 'பதினொன்றும் மாற்றப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரிபார்த்தவரும் போட்டார். நாற்பத்தொரு வருடத்தில் அந்த ஒன்றுதான். பெரிலுக்குக்கூடத் தெரியாது.

போன பிப்ரவரியில் ஹேசல் அந்தத் தொட்டிக்குள் போனாள். மெலிந்த பெண், சுலபமாகப் போய்விட்டாள். வெளியே வந்து தலையில் இருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே பழைய தாளை எடுத்து வைத்துப் பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"டெஸ், கண்ணு" என்றாள். "நீங்க மாத்தின பதினொரு போல்ட்டும் ஃபாக்டரி பெயின்ட் அழியாம அப்படியே இருக்கே. ராத்திரி வந்து திரும்பப் போட்டுட்டுப் போனீங்களா?"

கிளைவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்ப இத்தனை வருஷமும் நான் ஒலியை முந்திப் பறந்தது டெஸ்ஸோட பேனா மையிலயா? நியூயார்க் வரைக்கும் தாங்கியிருக்கேப்பா. நல்ல மை."

அவர்கள் என்னைத் திட்டவில்லை, யாரிடமும் புகார் செய்யவில்லை. அது உண்மை. மார்ச் மாதம் பப்பில் எங்கள் வருடாந்திர விருந்து நடந்தது. பின்கட்டில் மரக்கட்டைகளை உருட்டி விழுத்தும் ஸ்கிட்டில்ஸ் ஆட்டம், பிறகு சாப்பாடு, மனைவிமார்கள், கேரவன்காரர், உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் என்று நாற்பது பேர் இருந்தார்கள். கிளைவ் எழுந்து பேசினான். இந்த விமானத்தை மீண்டும் பறக்கவிட முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான் என்று சொல்லிவிட்டு, அந்தப் பதினொரு போல்ட்டின் கதையைச் சொன்னான். பேரையும் சொன்னான். "நம்ம டெஸ் எதிர்க்கிறாரு. ஆனா அவர் போட்ட வெறும் கையெழுத்தே பதினஞ்சு வருஷம் இவளைத் தூக்கிப் பிடிச்சிருக்கு. நெஜமாவே வேலை செஞ்சா எவ்வளவு தூரம் போவா, யோசிச்சுப் பாருங்க."

நாற்பது பேரும் சிரித்தார்கள். பெரிலும் சிரித்தாள், என்னவென்று புரியாமல். பஸ்ஸில் வரும்போது கேட்டாள், "அவர் உன்னைப் பாராட்டினாருன்னு நெனச்சேன். இல்லியா?" நான் ஆமாம், பாராட்டினார் என்றேன். அதன் பிறகு தேநீர் நேரத்தில் யாராவது பேனா கேட்டால், 'டெஸ்கிட்ட வாங்கு, உறுதியா இருக்கும்' என்பார்கள். நானும் கொடுத்தேன்.

நீங்கள் அதை அடிக்கோடிடுகிறீர்கள். வேண்டாம். அது காரணம் இல்லை. எனக்குக் கேலி புதிதல்ல. பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்தில் என் காலணியை பெஞ்சில் ஆணியடித்து வைத்தவர்கள் மத்தியில் வளர்ந்தவன் நான்.

காரணம் பாதுகாப்பு. ஒருவருடைய பொய்க் கையெழுத்தைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் நாளைக்குத் தாங்களும் போடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் கையில் நூறு பேரை ஏற்றுகிற விமானத்தைக் கொடுக்க முடியாது. ஆனால் வாயால் சொன்னால் ஏறாது, நான்கு வருடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். கண்ணுக்கு முன்னால் காட்ட வேண்டும். அதற்காக ஒரு சோதனை வைத்தேன். முதலில் அது சோதனைதான்.

சக்கரம் உள்ளே மடங்கும் அறைக்குப் பெரிய கதவு ஒன்று உண்டு. கீழே நின்று பார்த்தால் வீட்டு வாசல் கதவைவிடப் பெரியது. அதைத் திறந்து மூடுவது எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஒரு தண்டு. மனித உடம்பு எதிரே இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று அந்த அழுத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே கதவு திறந்திருக்கும்போது தண்டின் மேல் ஓர் இரும்பு லாக்கை மாட்டுவோம். அதில் சிவப்பு நாடா தொங்கும். லாக் இருக்கும்வரை யார் எந்த நெம்புகோலை இழுத்தாலும் கதவு அசையாது. தண்டில் எங்கோ எண்ணெய் கசிந்தது. வியாழக்கிழமை அதைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஹேசல் மேலே விமானி அறையில், நெம்புகோலுக்குப் பக்கத்தில். கிளைவ் அறைக்குள் ஏறிக் கசிவைப் பார்ப்பான். நான் கீழே, விமானி அறையோடு பேசும் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு காவல். உள்ளே இருப்பவன் வெளியே வந்து, லாக்கை எடுத்த பிறகு, கதவை மூடச் சொல்வது என் வேலை. என் வாயிலிருந்து சொல் வராமல் அவள் எதையும் தொட மாட்டாள்.

அன்று காலை எட்டரை மணிக்கு லாக்கைக் கழற்றி என் பையில் வைத்தேன். சிவப்பு நாடாவை மட்டும் வெறும் தண்டில் கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் எப்போதும் போலத்தான் தெரியும். கிட்டே போய்த் தொட்டால் தெரிந்துவிடும். தாளில் 'லாக் பொருத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து மணிக்குத் தேநீர் மேசையில் கிளைவின் முன்னால் நீட்டினேன். அவன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சரிபார்த்தவர் கோட்டில் பேரைப் போட்டான். என் பேனாவால்தான்.

அதோடு சோதனை முடிந்துவிட்டது. அவன் உள்ளே ஏறும் முன் நிறுத்தி, அந்த நாடாவைத் தூக்கிக் காட்டி, 'உன் கையெழுத்து எதைச் சரிபார்த்தது?' என்று எல்லோர் முன்னாலும் கேட்பதாகத் திட்டம்.

நான் கேட்கவில்லை. அவன் நாடாவுக்குக் கீழேயே குனிந்து உள்ளே போனான். அதன் நுனி அவன் வழுக்கையில் உரசியது.

நீங்கள் காட்டும் இந்தத் தாள் என்னவென்று தெரிகிறது. தண்டுக்கு எண்ணெய் அழுத்தம் கொடுக்கும் வண்டியின் மீட்டர் கணக்கு. புதன்கிழமை யாரும் வராத நாளில் இருபத்தாறு நிமிடம் ஓடியிருக்கிறது. ஆமாம், ஓட்டியது நான்தான். அறிக்கைக்காரர்கள் அதைக் கவனிக்கவில்லை, நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். நல்லது. கசாப்புக் கடையில் ஒரு பன்றித் தொடை வாங்கினேன், எலும்போடு. பாதியைக் கதவு விளிம்பில் வைத்து, ஏணியில் ஏறி நெம்புகோலைத் தள்ளிவிட்டு, இறங்கி வந்து பார்த்தேன். ஏறி இறங்க என் முழங்காலுக்குப் பதினொரு நிமிடம் ஆனது. எலும்பு பச்சைக் கிளை மாதிரி முறிந்து இரண்டு பக்கமும் தோலைக் கிழித்துக்கொண்டு நீட்டியிருந்தது. தரையைக் கழுவினேன். மீதிப் பாதியைப் பெரில் ஞாயிற்றுக்கிழமை சுட்டாள். ஆப்பிள் சாஸோடு சாப்பிட்டோம். அதற்குள் கிளைவ் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பசிக்காது என்று நினைத்தேன், பசித்தது.

சோதனைக்குப் பன்றித் தொடை எதற்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கதவு எவ்வளவு நேரத்தில் மூடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மேலே நின்று சத்தத்தை வைத்து எண்ணினேன். ஆறு விநாடி.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கிளைவ் உள்ளே இருந்தான். டார்ச் வெளிச்சம் அசைவது தெரிந்தது. பாடிக்கொண்டிருந்தான், அவனுக்கு வேலை செய்யும்போது பாடாமல் இருக்க முடியாது. மற்றவர்கள் ஒரு பள்ளிக்கூடக் குழுவோடு முன்பக்கம் இருந்தார்கள். சுவருக்குப் பின்னால் அழுத்த வண்டி இரைந்துகொண்டிருந்தது. நான் காதுக் கருவியில் சொன்னேன், "ஆள் வெளிய வந்தாச்சு. லாக் எடுத்தாச்சு. மூடலாம்."

ஹேசல் தன் வாக்குமூலத்தில் இதையேதான் சொல்லியிருக்கிறாள். அறிக்கையில் அதை 'தகவல் பரிமாற்றத்தில் குழப்பம்' என்று மாற்றி எழுதிவிட்டார்கள். அந்தப் பெண்ணை மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்கள், அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் உளறவில்லை. குழப்பமும் எதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

கதவு நகரும் சத்தம் கேட்டதும் அவன் வெளியே வரப் பார்த்தான். உள்ளே ஒதுங்கியிருந்தால் தப்பியிருப்பான். ஆனால் யாரும் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் போவார்கள். பாதி உடம்பு வெளியே இருக்கும்போது இடுப்பில் பிடித்தது. கத்தினான். அவன் கண்ணாடி என் காலணி மேல் விழுந்தது. இடுப்பெலும்பு உடையும் சத்தம் புதன்கிழமை நான் மேலிருந்து கேட்ட பன்றித் தொடையெலும்பின் சத்தத்தைவிடத் தாழ்வானது, ஈரமானது. இரத்தம் கதவு விளிம்பு வழியாக ஓடிவந்து, கசிந்திருந்த எண்ணெயோடு சேர்ந்தது. இரண்டும் கலக்காமல் தனித்தனியாக ஓடின. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

மேலே ஹேசலுக்கு உலோகத்தின் வழியாக ஏதோ கேட்டிருக்கிறது. நெம்புகோலை நடுவில் நிறுத்திவிட்டாள். கதவு அவனைப் பிடித்தபடியே நின்றது.

கிளைவுக்கு உயிர் இருந்தது. டாக்டர் அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் எடுத்திருந்தால் பிழைத்திருப்பான், நடக்க முடியாமல் போயிருக்கலாம். என்னை நேராகப் பார்த்தான். முகம் மாவு நிறத்துக்கு வந்திருந்தது.

"டெஸ்" என்றான். "தெறக்கச் சொல்லு. டெஸ், தெறக்கச் சொல்லுப்பா."

அதே நேரத்தில் காதில் ஹேசலின் குரல். "டெஸ்? என்ன சத்தம் அது?"

நான் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தேன். "ஏதோ ஸ்பேனர் மாட்டிக்கிச்சு. ஒண்ணும் இல்ல. கதவு முழுசா மூடல. கொஞ்சம் தெறந்து, இன்னொரு தரம் அழுத்து."

"நிச்சயமா?"

"நிச்சயமா, கண்ணு."

கிளைவ் அதைக் கேட்டான். கதவு ஒரு சாண் விலகியபோது இரண்டு கையையும் தரையை நோக்கி நீட்டினான். மறுபடி மூடியபோது, உடைந்த இடுப்பு தாங்காமல் மார்புவரை உள்ளே வழுக்கியிருந்தான். இரண்டாவது முறை அவன் கத்தவில்லை, கத்துவதற்கு உள்ளே காற்று இல்லை. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகப் போயின. நான் எண்ணவில்லை. வாயிலிருந்து வந்தது சிவப்பு நுரை. கை விரல்கள் கொஞ்ச நேரம் என் கால்சட்டையின் விளிம்பைப் பிடித்திருந்தன, பிறகு விட்டுவிட்டன. காதுக் கருவியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். லாக்கைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் அதன் இடத்தில் வைத்தேன். அதன் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஹேசல் ஓடிவந்து பார்த்துவிட்டு, நெம்புகோலைத் தள்ளிய தன் வலது கையைக் கதவு விளிம்பில் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டாள். மூன்று பேர் பிடித்து நிறுத்துவதற்குள் இரண்டு விரல் உடைந்துவிட்டது. அவள்மேல் வழக்கு எதுவும் போடக் கூடாது. அவள் சொன்னதைச் செய்தாள். நெம்புகோலுக்கு அவளை வைக்கும்படி முந்தைய வாரக் கூட்டத்தில் சொன்னது நான்தான். வேறு யாரையும்கூட வைத்திருக்கலாம், அந்த வேலைக்கு உரிமம் தேவையில்லை. அவள் பேர்தான் என் வாயில் முதலில் வந்தது.

ஆகவே ஒன்பதாம் பக்கத்தில் 'மறந்திருக்கலாம்' என்பதை எடுத்துவிட்டு, 'கழற்றினார்' என்று எழுதுங்கள். எக்காரணத்தைக் கொண்டும் அந்த விமானம் பறக்கக் கூடாது என்பதற்காகச் செய்தேன். ஓர் உயிர் போய்விட்டது, மறுக்கவில்லை. நூறு பேர் ஏறியிருப்பார்கள், கீழே மூன்று பள்ளிக்கூடங்கள். அதற்கு முன்னால் இதை வைத்துப் பாருங்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

இது என்ன?

கிளைவின் சட்டைப்பையில் இருந்த கடிதமா? இரத்தத்தில் ஒட்டிப்போயிருந்ததை இப்போதுதான் பிரித்தெடுத்தார்களா? அவன் எழுத்துதான். சனிக்கிழமைக் கூட்டத்தில் படிப்பதற்கு எழுதியிருக்கிறான். 'நண்பர்களே, வால் பகுதியில் ஹேசல் கண்டுபிடித்த விரிசலைப் பார்த்த பிறகு, நம் விமானத்தைப் பறக்கவிடும் எண்ணத்தைக் கைவிடுகிறேன். டெஸ் டோவி ஆரம்பத்திலிருந்தே சொன்னது சரி. கொட்டகையில் பிள்ளைகளுக்குக் காட்டக் கதவுகள் திறந்து மூடினால் போதும்.'

இதை அவன் என்னிடம் சொன்னானா என்று கேட்கிறீர்கள்.

இல்லை என்று சொல்லிவிடலாம். சாட்சி யாரும் இல்லை. ஆனால் நான் பொய் சொல்ல இங்கே வரவில்லை.

சொன்னான். அன்று காலைத் தேநீர் மேசையில், நான் தாளை நீட்டியபோது. மற்றவர்கள் பள்ளிக்கூட வண்டியைப் பார்க்க வெளியே போயிருந்தார்கள். அவன் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் எழுந்து போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான் என்று நினைக்கிறேன். "நீ சொன்னதுதான் சரி, டெஸ்" என்றான். "முடிஞ்சுது. அவ பறக்க மாட்டா. உன்னை வெச்சு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுடுப்பா." என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை சூடாக இருந்தது, கோப்பையைப் பிடித்திருந்ததால்.

அதன் பிறகு அவன் உள்ளே ஏறுவதற்கு இருபது நிமிடம் இருந்தது. லாக் என் காலடியில் பைக்குள் இருந்தது. மறுபடி பொருத்த மூன்று நிமிடம் போதும்.

ஏன் பொருத்தவில்லை என்று கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். கேட்டுவிட்டீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்டபோது அந்த மேசையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், இன்ஸ்பெக்டர். சிரித்தபோது நாற்பது பேர் இருந்தார்கள்.